கடைசி வாங்கில் இருக்கும் மகனுக்கு

திருகோணமலை

அன்புள்ள மகன்,

போன கிழமை நீ கோல் எடுத்துக் கேட்டதற்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. பக்கத்தில் அப்பா வேறு தண்ணீர் மோட்டரைப் பிரித்து வைத்துக்கொண்டு சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். எழுதினால்தான் ஒழுங்காகச் சொல்லலாம் என்று தோன்றியது.

கொழும்பு வெள்ளவத்தையில் தமிழ் ஆராதனைக்குப் போகிறாய், கடைசி வாங்கில் இருக்கிறாய், ஆசீர்வாதம் முடிந்ததும் எழும்பி வந்துவிடுகிறாய். அந்தச் சபைப் பெடியன் பெட்டைகள் கூடுகிற வாலிபர் ஐக்கியத்துக்கு வரச்சொல்லி ஒரு பெடியன் கேட்டிருக்கிறான். "எனக்கே ஆயிரம் கேள்வி இருக்கு, நான் அங்க போய் என்ன செய்ய?" என்றாய்.

கேள்வி இருக்கட்டும். எல்லாக் கேள்வியும் தீர்ந்தவர்கள்தான் வரலாம் என்றால் நம்முடைய சபையில் உதவிக்காரர்களே மிஞ்ச மாட்டார்கள்.

அப்போஸ்தலர் நடபடிகள் 20 ஆம் அதிகாரத்தில் ஐத்திகு என்று ஒரு வாலிபன் வருவான், ஞாபகம் இருக்கிறதா? ஞாயிறு பாடசாலையில் அவன் கதை வந்தால் நீங்கள் எல்லாரும் சிரிப்பீர்கள். பவுல் நடுச்சாமம் தாண்டியும் பிரசங்கம் பண்ணுகிறார். ஜன்னலில் இருந்த இவன் தூங்கி, மூன்றாம் மாடியிலிருந்து கீழே விழுகிறான். தூங்கினதற்காக அவனை யாரும் ஏசியதாக அதில் ஒரு வரி இல்லை. பவுல் பேச்சை விட்டுவிட்டு இறங்கிப் போய் அவனை அணைத்து, உயிர் இருக்கிறது, கலங்காதேயுங்கள் என்கிறார். பிறகு மேலே ஏறி, அப்பம் பிட்டு, விடியும்வரை கதைக்கிறார்கள். இத்தனை நீளமான பிரசங்கம் சரியா என்பது வேறு விஷயம், அதை நம்முடைய போதகரிடம் கேட்டுவிடாதே. நான் யோசிப்பதெல்லாம், அவன் விழுந்ததை உடனே கண்டார்களே என்பதைத்தான். நீ ஆசீர்வாதம் முடிந்ததும் பஸ் பிடிக்கிற ஆள். ஒரு ஞாயிறு நீ வராவிட்டால் அங்கே யாருக்குத் தெரியும்?

மெதடிஸ்த இயக்கத்தைத் தொடக்கிவைத்த ஜோன் வெஸ்லி காலத்தில் நடந்த ஒன்றும் எனக்கு எப்போதும் பிடிக்கும். பிரிஸ்டல் நகரத்தில் கட்டின ஆராதனை மண்டபத்துக்குக் கடன். 1742 இல் அதை அடைக்க ஒரு வழி பார்த்தார்கள். ஆளுக்குக் கிழமைக்கு ஒரு பென்னி, பன்னிரண்டு பேரளவில் ஒரு குழு, குழுவுக்கு ஒரு பொறுப்பாளர். காசு வாங்க வீடு வீடாகப் போனவர்கள் பென்னியோடு வேறு செய்தியும் கொண்டுவந்தார்கள். ஒரு வீட்டில் மனைவியோடு சண்டை, இன்னொருவர் குடித்திருக்கிறார். இவ்வளவு நாளும் நாம் தேடியது இதுதானே என்று வெஸ்லிக்கு அப்போதுதான் பட்டது. கடன் அடைக்கப் போட்ட அந்த ஏற்பாடே மெதடிஸ்தருடைய வகுப்புக் கூட்டமாக மாறியது. கிழமைக்கு ஒரு தடவையாவது உன் முகத்தைப் பார்த்து, எப்படி இருக்கிறாய் என்று ஒருவர் கேட்பது. என்னைக் கேட்டால் ஐக்கியம் என்பது அவ்வளவுதான். கிற்றாரும் புரொஜெக்டரும் நல்லதுதான். ஆனால் இப்போது சில இடங்களில் ஒன்றரை மணித்தியாலம் பாடிவிட்டு, பக்கத்தில் நின்றவன் பெயர்கூடத் தெரியாமல் வீட்டுக்குப் போகிறார்கள்.

2019 உயிர்த்த ஞாயிறை நினைத்துப்பார். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் பலர் இறந்துபோனார்கள். நம்முடைய ஊரில் அந்தச் செய்தி கேட்டு அழாத வீடு இல்லை. அதற்குப் பிறகு நம்முடைய சபையில் ஆராதனை மறுபடி தொடங்கியபோது, கேற்றில் நின்று பை சோதித்தது உங்களுடைய ஐக்கியம்தான். நீ ஏ.எல். படித்துக்கொண்டிருந்தாய். எனக்கு வயிறு எரிந்தது, வேண்டாம் என்று தடுக்கவும் வாய் வரவில்லை. பாட்டு, ஜெபம், பிரசங்கம் எல்லாம் வெளியில் நின்றே கேட்டாய். அந்த நாட்களில் உனக்கு விசுவாசம் போதுமா போதாதா என்று நீ யோசித்ததாகத் தெரியவில்லை. நிற்க ஆள் தேவைப்பட்டது, நின்றாய். அந்தக் குண்டுவெடிப்பைக் காட்டி, முஸ்லிம் கடைகளுக்குப் போகாதீர்கள் என்று சிலர் சொல்லித் திரிந்த நேரத்தில், அந்த வருட நத்தார் ஒளி விழா அழைப்பிதழை நீங்கள் வழக்கமான அதே முஸ்லிம் கடையில்தான் அச்சடித்தீர்கள். அதைப் பார்த்து அப்பா என்னிடம் எவ்வளவு பெருமைப்பட்டார் தெரியுமா? உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார்.

அதனால் போ. ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு போ. ஐக்கியம் என்ற பெயர் வைத்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. யார் யாரோடு கதைக்கிறார்கள் என்ற ஊர்வம்பு எந்த ஐக்கியத்திலும் இருக்கும், அதைச் சிரித்துவிட்டுத் தள்ளிவிடு. ஆனால் சந்தேகம் கேட்டவனைப் பாவி மாதிரி நடத்துகிற தலைவர், வீட்டுக்குச் சொல்லாதே என்கிற தலைவர், சம்பளம் எவ்வளவு என்று முதல் சந்திப்பிலேயே கேட்கிற தலைவர் இருக்கிற இடத்தில் ஒரு நிமிஷமும் நிற்காதே. மற்றச் சமயத்து ஆட்களை இளக்காரமாகப் பேசுகிற இடத்திலும் அப்படித்தான். கோயில் மணியும் பள்ளிவாசல் பாங்கும் கேட்டு வளர்ந்த பிள்ளை நீ.

முதல் நாள் யாரும் கதைக்காவிட்டால் மனம் விடாதே. கொஞ்சம் முந்திப்போய்க் கதிரை அடுக்கு. வேலை செய்கிறவனோடு ஆட்கள் தாங்களாகவே வந்து கதைப்பார்கள். முடிந்தபிறகு பிளேன்டீக்கு நில், உண்மையான கதை அங்கேதான் நடக்கும். உன்னைப்போல வெளியூரிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கிற பெடியன்கள் அங்கே கட்டாயம் இருப்பார்கள். அவர்களில் ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி கொண்டுபோகிற அளவுக்காவது பழகு.

மாமா வெள்ளிக்கிழமை இரவு ரெயிலில் கொழும்புக்கு வருகிறார். கருவாடு உனக்கு. கேக் ஐக்கியத்துக்கு, அறையிலேயே முடித்துவிடாதே.

அன்புடன்,
அம்மா