நிறுத்தி வைத்த விமானத்துக்குத்தான் செலவு அதிகம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில், சொந்தமாகச் சிறிய விமானம் வைத்திருப்பவர்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை சந்தோஷத்தில். நம்முடைய கிறுக்கைப் பற்றியும் ஒருவர் மெனக்கெட்டு எழுதியிருக்கிறாரே என்று. இரண்டாவது முறை கையில் பென்சிலோடு. இரண்டு இடங்களில் கோடு போட்டேன். ஐம்பது வயது விமானத்தில் ஏறுவது ஆபத்தை விலை கொடுத்து வாங்குவது என்று ஓரிடத்தில் இருந்தது. பறக்காமல் நிறுத்தி வைத்திருக்கும் வரை விமானத்துக்குச் செலவில்லை என்று இன்னோரிடத்தில். முதலாவது பாதித் தவறு. இரண்டாவது முழுத் தவறு. அதை நம்பி ஒரு எஞ்சினையே பறிகொடுத்தவன் நான். கடிதம் நீண்டுவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள். எஞ்சின் கதையில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து ஒரு செஸ்னா 172 வைத்திருக்கிறோம். நான்கு இருக்கை, ஒரே எஞ்சின், தலைக்கு மேலே இறக்கை. 1970களில் செய்தது. எங்கள் மூவரில் இளையவரைவிட அதற்கு வயது அதிகம்.

வயது விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 172 முதன்முதலில் பறந்தது 1955இல். இதுவரை 44,000க்கும் மேல் செய்திருக்கிறார்கள். உலகில் வேறெந்த விமானமும் இந்த எண்ணிக்கையில் வந்ததில்லை. ஆனால் 1986இல் செஸ்னா நிறுவனம் பிஸ்டன் எஞ்சின் விமானங்களைச் செய்வதையே நிறுத்திவிட்டது. விபத்து வழக்குகளில் தயாரிப்பாளர் எத்தனை ஆண்டுகள் வரை பொறுப்பு என்பதற்கு 1994இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டு, 18 ஆண்டு என்று வரம்பு கட்டிய பிறகுதான் மறுபடி தொடங்கினார்கள். நடுவே ஏறத்தாழ பத்து வருடம் காலி. விமானத் திடல்களில் பழைய விமானங்களாக நிற்பதற்குப் பழமை மோகம் மட்டும் காரணமில்லை, இதுவும் ஒன்று.

அப்புறம், இந்த விமானங்களில் பயணிகள் விமானம் போல உள்ளே காற்றழுத்தம் ஏற்றுவதில்லை. அதனால் ஒவ்வொரு பயணத்திலும் உடல் பலூன் போல ஊதிச் சுருங்கி உலோகம் களைத்துப்போகும் தொல்லை இல்லை. உலோகச் சோர்வே வராது என்று சொல்ல மாட்டேன். 2018 ஏப்ரலில் அமெரிக்காவின் டேடோனா பீச்சில் ஒரு பயிற்சி விமானத்தின் இறக்கை பறக்கும்போதே பிய்ந்துபோய் இருவர் இறந்தார்கள். இறக்கையைத் தாங்கும் ஸ்பாரில் சோர்வு விரிசல். அது என்ன கிழட்டு விமானமா? 2007இல் செய்தது. ஆனால் அந்தப் பதினோரு வருடத்தில் ஏழாயிரம் மணிக்கு மேல் பறந்து, பயிற்சி மாணவர்கள் கையில் எத்தனையோ முறை தரையில் தட்டப்பட்டது. எனவே விமானத்தைப் பார்க்கும்போது பிறந்த வருடத்தை மட்டும் கேட்காதீர்கள். எத்தனை மணி பறந்தது, யார் ஓட்டியது, கடைசியாக எப்போது பறந்தது என்று கேளுங்கள். அந்தக் கடைசிக் கேள்வியில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

சில வருடங்களுக்கு முன்பு எனக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை. மருத்துவச் சான்று திரும்பக் கிடைக்கும் வரை நான் பறக்கக் கூடாது. இன்னொரு பங்காளி மாற்றலாகி வெளியூர் போய்விட்டார். மூன்றாமவர் தங்கமான மனிதர், ஆனால் தனியாகப் பறக்க அவ்வளவு இஷ்டம் இல்லாதவர். விமானம் நின்றுபோனால் எஞ்சின் கெட்டுவிடுமே என்று கவலைப்பட்டு ஒவ்வொரு ஞாயிறும் விமானக் கொட்டகையான ஹேங்கருக்குப் போவார். விமானத்தை வெளியே தள்ளி, எஞ்சினைப் போட்டு, பத்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, துடைத்து, உள்ளே தள்ளி, உறை போட்டுவிட்டு வருவார். “எஞ்சின் உயிரோட இருக்கட்டும் சார்” என்பார். பதினான்கு மாதம் ஒரு ஞாயிறு தவறவில்லை.

நான் திரும்பி வந்து பறக்கத் தொடங்கியபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆயில் அழுத்தம் சரி. தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இரண்டு மேக்னெட்டோவையும் மாற்றி மாற்றிச் சோதித்தபோது எஞ்சின் சுழலும் வேகத்தில் வந்த இறக்கம் வரம்புக்குள். இருபது மணி நேரம் பறந்தபின் ஆயில் மாற்றும் நாள் வந்தது.

விமான எஞ்சினில் ஆயில் ஃபில்டரைக் கழற்றித் தூக்கிப் போடுவதில்லை. எங்கள் மெக்கானிக் அதை டப்பா திறப்பது போலச் சுற்றிலும் வெட்டினார். உள்ளே விசிறி மடிப்பாக இருக்கும் காகிதத்தை உருவி, பிழிந்து, மேசைமேல் விரித்து வெயில் படும் பக்கம் நகர்த்தினார். மடிப்புகளுக்குள் ஊசிமுனை ஊசிமுனையாக மினுமினுப்பு. அலுமினியமாக இருக்கட்டும் என்று மனசு வேண்டியது. அவர் சட்டைப்பையிலிருந்து காந்தத்தை எடுத்துக் கிட்டே கொண்டுபோனார். பொடி எழுந்து நின்று ஒட்டிக்கொண்டது. இரும்பு.

ஒரு சிலிண்டரைக் கழற்றிப் பார்த்தபோது, வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டின் முனை ஒன்று மழுங்கியிருந்தது. அதோடு உரசும் டாப்பட்டின் முகம் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும். அம்மைத் தழும்பு போலக் குழி குழியாக இருந்தது. நகத்தால் தடவினால் தட்டுப்பட்டது. மெக்கானிக் நிமிர்ந்து, “வாராவாரம் யாரோ சும்மா போட்டு அணைச்சிருக்கீங்களா?” என்றார். பக்கத்தில் நின்ற நண்பரின் முகத்தை நான் பார்க்கவில்லை.

விஷயம் இதுதான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவரும். பெரும்பகுதி புகைக்குழாய் வழியே போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எஞ்சினின் வயிற்றுக்குள் இறங்கும். ஆயில் நன்றாகச் சூடேறி, 80 டிகிரி செல்சியஸ் வாக்கில் ஒரு மணி நேரம் நின்றால் அந்த ஈரம் ஆவியாகி மூச்சுக்குழாய் வழியே வெளியேறும். பத்து நிமிடம் தரையில் ஓடினால் எஞ்சினுக்கு வேர்க்கும், காயாது. ஈரம் உள்ளேயே படியும். எங்கள் எஞ்சின் லைகோமிங் நிறுவனத்தின் ஓ-320. அதில் கேம்ஷாஃப்ட் மேல்பக்கம் இருக்கிறது. சில நாள் நின்றாலே அதன்மேல் இருக்கும் ஆயில் கீழே வடிந்துவிடும். வெற்று எஃகு, அதன்மேல் ஈரம், வாராவாரம் புதிதாகக் கொஞ்சம். பூட்டியே வைத்திருந்தால்கூட இவ்வளவு கெட்டிருக்காது என்றார் மெக்கானிக்.

கேம்ஷாஃப்டை மட்டும் மாற்ற வழியில்லை. எஞ்சினை இறக்கி, இரண்டாகப் பிளக்க வேண்டும். பிளந்த பிறகு பாதியில் மூடவும் மனம் வராது, எல்லாவற்றையும் புதுப்பித்தோம். 2,000 மணி வரை ஓடக்கூடியது 900 சொச்சத்தில் போயிற்று. குற்றம் முழுக்க எங்களுடையது. ஏனென்றால் 2,000 மணி என்று சொல்லும் அதே தாளில் ‘அல்லது 12 ஆண்டு’ என்றும், மாதத்துக்கு ஒருமுறையாவது தொடர்ந்து ஒரு மணி நேரம் பறக்க வேண்டும் என்று இன்னொரு தாளிலும் தயாரிப்பாளர் எழுதியிருக்கிறார். மூவரும் படித்தவர்கள்தான். தாளைத்தான் படிக்கவில்லை.

மறுபக்கத்தையும் சொல்கிறேன். 1958 டிசம்பர் 4ஆம் தேதி ராபர்ட் டிம், ஜான் குக் என்ற இருவர் லாஸ் வேகாஸில் ஒரு செஸ்னா 172இல் ஏறினார்கள். இறங்கியது 1959 பிப்ரவரி 7. 64 நாள், 22 மணி, 19 நிமிடம். கீழே சாலையில் லாரி ஓட, விமானம் அதற்கு நேர்மேலே தாழப் பறந்து, குழாயை மேலே இழுத்துப் பெட்ரோல் பிடித்துக்கொண்டது. கடைசியில் பெட்ரோல் அளவுமானி, ஹீட்டர், தரையிறங்கும் விளக்கு என்று ஒவ்வொன்றாகக் கைவிட்டன. எஞ்சின் கரி படிந்து பலம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. கணக்குப் போட்டால் 1,558 மணி நேரம். எங்கள் எஞ்சின் ஓய்வெடுத்தே செத்தது.

நான் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன், அதனால் செலவுக் கணக்கையும் போட்டுவிடுகிறேன். ஹேங்கர் வாடகை, காப்பீடு, ஆண்டு ஆய்வு ஆகியவை பறந்தாலும் வரும், பறக்காவிட்டாலும் வரும். வருடத்துக்கு 100 மணி பறப்பவரைவிட 25 மணி பறப்பவருக்கு மணிக்கு இந்தச் சுமை நான்கு மடங்கு. பெட்ரோல் மிச்சம் என்று அவர் நினைப்பது பெரிய ஓட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சின்ன ஓட்டையை அடைப்பது. ஆயிலும் அப்படித்தான். ஃபில்டர் உள்ள எஞ்சினுக்கு 50 மணிக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அல்லது நான்கு மாதத்துக்கு ஒருமுறை. எது முன்னால் வருகிறதோ அது. வருடம் 50 மணிகூடத் தேறாது என்று தெரிந்தால் வாடகைக்கு எடுத்துப் பறப்பதே புத்திசாலித்தனம் என்பது என் அபிப்பிராயம். இல்லையென்றால் எங்களைப் போலக் கூட்டுச் சேருங்கள். பங்காளி என்ற சொல்லோடு சண்டையும் கூடவே வரும் என்பார்கள். எங்களுக்குள் ஒரே சண்டை, காக்பிட்டில் யாருடைய பென்சில் கிடக்கிறது என்பது.

எஞ்சின் மட்டுமா? நின்றால் எல்லாமே கெடும். ரப்பரில் வெடிப்பு விழும். பாட்டரி இறங்கும். ஒரு பயணத்தில் மழைக்காலமாகப் பார்த்து நான்கு நாள் வெட்டவெளியில் நிறுத்த வேண்டிவந்தது. கிளம்பும் காலையில் இறக்கையின் அடியில் இருக்கும் வால்வைக் குப்பியால் அழுத்திக் கொஞ்சம் பெட்ரோல் பிடித்தேன். எங்கள் பெட்ரோல் வெளிர்நீலமாக இருக்கும். அதற்கென்றே சாயம் போட்டு வருகிறது. குப்பியில் இருந்தது பளிங்கு மாதிரி நிறமே இல்லாத ஒன்று. கோடு இல்லை, குமிழி இல்லை. ‘ஆகா, சுத்தமாக இருக்கிறது’ என்று ஒரு விநாடி நினைத்தேன். அப்புறம்தான் முகர்ந்து பார்த்தேன். வாசனையே இல்லை. குப்பி நிறையத் தண்ணீர். பெட்ரோலும் தண்ணீரும் கலந்து வந்தால்தானே நடுவில் கோடு தெரியும்! பெட்ரோல் தொட்டி மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து சுருங்கி, மழையை உள்ளே விட்டிருக்கிறது. கைநகம் அளவு தடிமன்கூட இல்லாத வளையம். எட்டுக் குப்பி பிடித்த பிறகுதான் நீலம் வந்தது. அதற்கப்புறமும் இறக்கையை ஆட்டிவிட்டு, இன்னும் இரண்டு.

வேகம் காட்டும் கருவிக்குக் காற்று கொண்டுபோகும் பிட்டோ குழாய்க்கு உறை போடாமல் விட்டால் குளவி மண் வைத்துவிடும். இது சிறிய விமானத்தின் பிரச்சினை மட்டுமல்ல. 1996 பிப்ரவரி 6 அன்று டொமினிக்கன் குடியரசின் போர்ட்டோ பிளாட்டாவிலிருந்து கிளம்பிய போயிங் 757 கடலில் விழுந்து, இருந்த 189 பேரும் இறந்தார்கள். மூன்று வாரமளவு பறக்காமல் நின்ற விமானம். பிட்டோ குழாய்களில் ஒன்று அடைபட்டிருந்தது. குளவிக்கூடாக இருக்கலாம் என்பது விசாரணையாளர்களின் சந்தேகம்.

இப்போது ஹேங்கர் சுவரில் ஒரு நாட்காட்டி தொங்குகிறது. பறந்தவர் தேதியில் மணியையும் ஆயில் எட்டிய வெப்பத்தையும் எழுத வேண்டும். மூன்று வாரம் கட்டம் காலியாக இருந்தால் யாராவது ஒருவர் ஒரு மணி நேரம் போய்வர வேண்டும், போக இடமே இல்லாவிட்டாலும். நீண்ட நாள் யாராலும் முடியாது என்று தெரிந்தால் எஞ்சினைத் தொடுவதே இல்லை. துருத் தடுப்பு ஆயில் ஊற்றி, ஸ்பார்க் பிளக்குகளுக்குப் பதில் ஈரம் உறிஞ்சும் பிளக்குகளைத் திருகி, திறந்த வாய்களை எல்லாம் அடைத்துவிடுகிறோம். அந்தப் பிளக்குகளில் நீலமாக இருக்கும் மணிகள் ஈரம் குடித்தால் ரோஸ் நிறமாகும். ஞாயிறுதோறும் போய் அந்த நிறத்தைப் பார்ப்பது நம் தங்கமான நண்பரின் வேலை. சாவி அவரிடம் கிடையாது, அவரே கொடுத்துவிட்டார்.

கடைசியாக, கட்டுரையோடு நீங்கள் போட்ட படம். ‘பறக்கத் தயார் நிலையில்’ என்று கீழே எழுதியிருந்தீர்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இடது சக்கரத்தைச் சுற்றிப் புல் பாதி டயர் வரை வளர்ந்திருக்கிறது. பிட்டோ உறையில் தொங்கும் சிவப்புப் பட்டை வெளுத்து வெள்ளையாகிவிட்டது. எஞ்சின் மூடியின் வலப்பக்கக் காற்று வாயிலிருந்து நாலைந்து வைக்கோல் துரும்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே பறவைக்கூடு இருக்க வேண்டும். அப்படியே எஞ்சினைப் போட்டால் தீப்பிடிக்கும். அந்த விமானத்தின் சொந்தக்காரர் யாரென்று உங்கள் புகைப்படக்காரருக்குத் தெரிந்திருக்கும். தயவுசெய்து இன்றைக்கே ஒரு போன் போட்டு, ஸ்டார்ட்டரைத் தொடுவதற்கு முன்னால் மூடியைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மூன்றில் ஒரு பங்கு விமானத்துக்குச் சொந்தக்காரனான வாசகன்