என் இடப்பக்கம் நின்றவளுக்கு

அன்புத் தோழிக்கு,

பெயர் எழுதவில்லை. எழுதாமலே உனக்குத் தெரியும், நம்முடன் பாடிய மற்றவர்களுக்கும் தெரியும். அவர்களில் பலர் இதைப் படிப்பார்கள். அதனால் சில இடங்களில் பாதியிலேயே நிறுத்திவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவேன். அந்த வாரம் உன் வீட்டில் நடந்ததைப் பற்றி இங்கே ஒரு வரிகூட வராது. தனியாக எழுதியிருக்கலாமே என்று கேட்பாய். எழுதினேன், மூன்று முறை. பதில் போடாதது உன் இஷ்டம். அதைக் குறை சொல்ல வரவில்லை.

நம் பாடகர் குழுவை நடத்திய மாஸ்டர் ஓய்வு பெறுகிற செய்தி உனக்கும் வந்திருக்கும். பழைய மாணவர்களும் மேடையேறி அதே பாட்டைப் பாட வேண்டும் என்று கேட்டிருக்கிறார். பன்னிரண்டு வருடமாக நான் எந்தக் குழுவோடும் நின்று பாடியதில்லை. ஒரு மாதம் இழுத்தடித்துவிட்டுப் போன வாரம்தான் சரி என்றேன். சொன்ன அன்றே, பயிற்சிக்கு உதவும் என்று ஒரு பழைய ஒலிப்பதிவை அனுப்பிவைத்தார்கள்.

அந்த மாலையின் பதிவு. அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

எத்தனை முறை கேட்டேன் என்று எண்ணவில்லை. முதல் சில முறை பாட்டைக் கேட்கவே இல்லை, உன் குரல் நின்றுபோன இடத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். கடைசிக் கார்டு, பல ஸ்வரங்கள் ஒரே நேரத்தில் ஒலிக்கும் அந்தச் சேர்க்கை. வாத்தியம் எதுவும் இல்லாமல், ஆண்குரலில் பாஸ், டெனர், பெண்குரலில் ஆல்டோ, சோப்ரானோ என்று நான்கு பாகமும் சேர்ந்து இருபது விநாடிபோலத் தேய்ந்துகொண்டே போகும் இடம். அங்கே ஓர் ஓட்டை இருக்கும் என்று உறுதியாக நம்பினேன். என் காதுக்குள் இத்தனை வருடமாக அந்த ஓட்டை இருக்கிறது. பதிவில் இல்லை. நெய்த துணிபோல ஓர் இழை விடாமல் வருகிறது ஒலி.

நம் தாள்களில் பென்சிலால் போட்ட குறி ஞாபகம் இருக்கிறதா? தாளத்தை எண்ணிக்கொண்டு வந்தால், உன் தாளில் ஆறாவது எண்ணில், என் தாளில் பத்தாவது எண்ணில். நீ மூச்சு வாங்கும்போது நான் வாங்கக் கூடாது. அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு முப்பது பேர் மூச்சே விடாமல் பாடுவதுபோல இருக்கும். உண்மையில் எந்த நொடியை எடுத்தாலும் யாரோ ஒருத்தி பாடாமல் நிற்கிறாள். பக்கத்தில் இருப்பவள் விடமாட்டாள் என்ற நம்பிக்கையில் நிற்கிறாள். அந்த மேடையில் நான் கற்றுக்கொண்டதிலேயே பெரிய விஷயம் அதுதான். அதைக் கற்றுக்கொண்டது உன் பக்கத்தில் நின்று.

பதிவைக் கேட்கக் கேட்க வேறொன்றும் பிடிபட்டது. இரண்டு பேர் ஒரே ஸ்வரத்தைப் பாடினாலும் அது அச்சாக ஒன்றாக இருக்காது. ஒருத்தியின் குரல் நொடிக்கு 220 அதிர்வு, அடுத்தவளின் குரல் 221 என்றால், ஒலி நொடிக்கு ஒரு முறை லேசாக ஏறி இறங்கும். பல பேர் சேரும்போது இந்த ஏற்ற இறக்கங்களெல்லாம் கலந்து, யாருடையது எது என்று பிரிக்க முடியாத ஒரு மினுமினுப்பு ஆகிவிடும். கிட்டார் வாசிப்பவர்கள் காலால் மிதிக்கும் பெட்டிகளில் 'கோரஸ்' என்று ஒன்று உண்டு. ஒற்றை ஒலியின் நகலைச் சற்றே தாமதித்து, சுருதியைச் சற்றே அசைத்து, அசலோடு கலந்து, பல பேர் வாசிப்பதுபோலக் காட்டும். நம்மிடம் அது தானாகவே இருந்தது. நம் குறைகளால்தான் இருந்தது. கேட்பவர்களுக்கு உடம்பு சிலிர்ப்பது அந்த மினுமினுப்பில்தான் என்று நான் நினைக்கிறேன். ஒருவர் எவ்வளவு நன்றாகப் பாடினாலும் அது தனியாக வராது.

அந்தக் கார்டில் காந்தாரம் நம் ஆல்டோ பாகத்திடம் இருந்தது. பாஸ் ஷட்ஜத்தில், டெனர் பஞ்சமத்தில், சோப்ரானோ மேல் ஷட்ஜத்தில். அவர்கள் மூன்று பேரும் சேர்ந்தாலும் அது வெளிச்சமா இருட்டா என்று சொல்ல முடியாது. ஆல்டோ அந்தர காந்தாரத்தில் நின்றால் வெளிச்சம், அரை ஸ்வரம் இறங்கிச் சாதாரண காந்தாரத்தில் நின்றால் இருட்டு. 'பியானோவை நம்பாதீர்கள், ஒரு மயிரிழை கீழே வையுங்கள்' என்று மாஸ்டர் கத்தியது ஏன் என்று இப்போதுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஷட்ஜத்தின் அதிர்வோடு 5:4 விகிதத்தில் வரும் சுத்தமான காந்தாரத்தைவிடப் பியானோவின் காந்தாரம் சுமார் 14 சென்ட் மேலே இருக்கிறது, அரை ஸ்வரத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. அதை இறக்கி வைத்தவுடன் உரசல் அடங்கி ஒலி சட்டென்று உட்காரும். நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அதை உணர்ந்து, திரும்பிப் பார்க்காமலே சிரித்துக்கொண்ட ரிகர்சல்கள் உண்டு.

சரி, அந்த இடத்துக்கு வருகிறேன்.

நீ ஆறாவது எண்ணில் மூச்சு வாங்கினாய். எனக்குக் கேட்டது. ஏழு, எட்டு. நீ திரும்ப வரவில்லை. ஒன்பதில் உன் தோள் என் தோளில் இடித்தது, நடுங்கிக்கொண்டிருந்தது. பத்தாவது எண் என்னுடையது. நான் விட்டால் காந்தாரத்தில் நாம் நின்ற மூலை முழுதும் காலியாகிவிடும் என்று பயந்தேன். மூச்சு வாங்கவில்லை. பன்னிரண்டில் கண் இருட்டியது. அப்போது உன் விரல்கள் என் கையைத் தேடி வந்தன.

நான் கையை நகர்த்தினேன். கறுப்பு ஃபைலின் அடியில் இரண்டு கையையும் கொண்டுபோய் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. நீ மற்றவர்களிடம் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். என்ன வார்த்தையில் சொன்னாய் என்பதும் என் காதுக்கு வந்தது. கல் என்றாயாம்.

மன்னித்துக்கொள். இதை எழுதிவிட்டு உடனே, ஆனால் என்று தொடங்கக் கூடாது என்று இரண்டு நாளாக முயன்றேன். முடியவில்லை. ஆனால், உன் கையைப் பிடித்திருந்தால் நானும் அழுதிருப்பேன். நான் அழுதால் குரல் போயிருக்கும். அன்று மேடைக்கு வர வேண்டாம் என்று எல்லோரும் சொன்னோம். நீதான் பிடிவாதம் பிடித்தாய், நீ பக்கத்தில் இருந்தால் போதும் என்றாய். 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று நான் சொன்னேன். அந்த இரண்டு வார்த்தையை நீ ஒரு விதமாக எடுத்துக்கொண்டாய், நான் வேறு விதமாகச் சொல்லியிருந்தேன். உன் குரல் போனால் உன் பங்கையும் பாடிவிடுவேன் என்றுதான் நான் சொன்னது. பாடினேன். அதை ஒரு தடவையாவது யாராவது உன்னிடம் எடுத்துச் சொன்னார்களா?

கல் என்றதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன். 2013இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் 15 பேரைச் சேர்ந்து பாட வைத்து இதயத் துடிப்பை அளந்தார்கள். பாட்டின் வரி மூச்சைக் கட்டிப்போடுகிறது, மூச்சு இதயத்தைக் கட்டிப்போடுகிறது. மூச்சை வெளியே விடும்போது துடிப்பு மெதுவாகும், உள்ளே இழுக்கும்போது வேகமாகும். அதனால் சேர்ந்து பாடுகிறவர்களின் துடிப்பு ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்குகிறது. மூன்று வருடம் உன் பக்கத்தில் நின்று பாடியவள் நான். உன் மூச்சு உடைந்தது என் காதுக்கு முன்னால் என் நெஞ்சுக்குத் தெரிந்தது. கல்லுக்கு இதெல்லாம் நடக்காது.

நான் மறைத்த இன்னொன்றும் உண்டு. இதுதான் இத்தனை வருடம் உறுத்திக்கொண்டிருப்பது.

கார்டு முடிந்த பிறகும் மாஸ்டர் கையை இறக்கவில்லை. ஒலி அரங்கின் கூரைவரை போய்த் தேய்ந்து அடங்கும்வரை யாரும் கைதட்டவில்லை. அந்த மௌனமும் பதிவில் இருக்கிறது, ஒருவர்கூட இருமவில்லை. அதுவரை கேட்டவர்களாக இருந்த அத்தனை பேரும் அந்தச் சில நொடி நம்மோடு சேர்ந்து எதையோ பிடித்துக்கொண்டிருந்ததுபோல இருந்தது. கை இறங்கியது, எழுந்து நின்று தட்டினார்கள். நீ பக்கவாட்டில் இறங்கிப் போய்விட்டாய். வெளியே ஒரு வயதான அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். முதல் வரிசையில் இருந்தாராம். 'கடைசியில் உன் பக்கத்துப் பெண் கண்ணீர் விட்டுக்கொண்டு நின்றாளே, நீ அசையாமல் நேராகப் பார்த்தபடி பாடினாயே, உங்கள் இரண்டு பேரையும் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்துவிட்டது. எவ்வளவு ஒன்றிப் பாடுகிறீர்கள்' என்றார்.

நான் நன்றி என்றேன்.

அவர் பார்த்தது பாட்டு என்று நினைத்துக்கொண்டார். உன் துக்கத்தையும் என் பயத்தையும் ஒரே படமாகப் பார்த்து, அதைப் பாட்டோடு சேர்த்து வீட்டுக்குக் கொண்டுபோனார். நான் திருத்தவில்லை. திருத்தியிருந்தால் உன் வீட்டு விஷயத்தை முகம் தெரியாத ஒருவரிடம் சொல்ல வேண்டியிருந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். அந்தப் பாராட்டு எனக்குப் பிடித்திருந்தது என்பதும் உண்மை.

நாம் சுருதிக்காக எவ்வளவு சண்டை போட்டிருக்கிறோம்! கண்ணுக்கு இவ்வளவு பலம் உண்டு என்று அப்போது யாரும் நமக்குச் சொல்லவில்லை. சியா-ஜங் சாய் என்ற ஆராய்ச்சியாளர், அவரும் பியானோ கலைஞர்தான், 2013இல் ஒரு சோதனையை வெளியிட்டார். இசைப் போட்டிகளின் இறுதிச் சுற்றுப் பதிவுகளைக் காட்டி, வென்றவர் யார் என்று கண்டுபிடிக்கச் சொன்னார். ஒலியை மட்டும் கேட்டவர்களைவிட, ஒலியே இல்லாமல் படத்தை மட்டும் பார்த்தவர்கள் சரியாகச் சொன்னார்கள். ஒலிதான் முக்கியம் என்று அடித்துச் சொன்ன இசைக் கலைஞர்களுக்கும் அதே கதைதான். அவர் சோதித்தது தனியாக வாசிப்பவர்களை. முப்பது பேர் ஒன்றாக நிற்கும் மேடையில் பார்க்கிறவரின் கண் எங்கே போகும்? அசைகிறவளிடம் போகும். அப்புறம் அவள் பக்கத்தில் அசையாமல் நிற்கிறவளிடம். நீ என் கையைப் பிடித்திருந்தால் அந்த அம்மா என்ன பார்த்திருப்பார் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். ஒருவேளை இதைவிடவும் நல்ல ஒன்றைப் பார்த்திருப்பார். எனக்குத் தெரியவில்லை.

மாஸ்டர் ஒவ்வொரு வருடமும் முதல் ரிகர்சலில் சொல்வாரே, 1871இல் அமெரிக்காவின் ஃபிஸ்க் கல்லூரியிலிருந்து கிளம்பிய ஒன்பது பேரின் கதை. அடிமைகளாகப் பிறந்தவர்கள்தான் அவர்களில் பெரும்பாலோர், மூடப்படும் நிலையில் இருந்த கல்லூரிக்காகப் பாடிப் பணம் சேர்த்தார்கள், மிக மெல்லிய குரலில் தொடங்கி அரங்கத்தையே அடக்கினார்கள் என்பதுவரை நமக்குத் தெரியும். மீதியை இப்போது படித்தேன். பணம் சேர்ந்தது, கட்டடம் எழுந்தது. ஏழு வருடம் ஊர் ஊராகப் பாடி உடம்பு ஓய்ந்துபோய், 1878இல் அந்தக் குழு கலைந்தது. முன்னால் சாய்ந்து கேட்டவர்களுக்கு அந்த மென்மை மட்டும்தான் கேட்டிருக்கும். அதைப் படித்த இரவு உன்னை நினைத்து அழுதேன். என்னை நினைத்தும்தான்.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன், பொய்யாகிவிடும். அன்றைக்குப் பிறகு நீ ரிகர்சலுக்கு வரவில்லை. எனக்கு ஒரு வார்த்தை இல்லை. அந்த வருடம் மீதி இருந்த இரண்டு நிகழ்ச்சியிலும் என் இடப்பக்கத்தில் வேறு யாரோ நின்றார்கள், பத்தாவது எண்ணில் நான் மூச்சு வாங்க பயந்தேன். நான் பாடுவதை விட்டது அதனால்தான். துக்கம் உன்னுடையது, அதில் எனக்குப் பங்கு கேட்கவில்லை. ஆனால் உன் துக்கத்துக்குள் என்னையும் ஒரு குற்றவாளியாக நிறுத்திவைத்துவிட்டுப் போனாய். அது நியாயம் இல்லை என்று இத்தனை வருடம் கழித்தாவது சொல்லத்தான் வேண்டும்.

பதிவில் உன் குரல் எங்கே நிற்கிறது என்று கடைசியில் கண்டுபிடித்துவிட்டேன். ஓட்டையாக இல்லை. ஆறாவது எண்ணுக்குப் பிறகு ஆல்டோவின் மினுமினுப்பு கொஞ்சம் மெலிகிறது, அவ்வளவுதான். ஏழு பேரில் ஒருத்தி குறைந்ததன் அளவு. தேடாதவருக்குக் கேட்காது. எனக்கு இனி அது இல்லாமல் அந்தப் பாட்டு கேட்காது.

நேற்று முதல் ஒத்திகை. என் இடப்பக்கத்தைக் காலியாக விடும்படி மாஸ்டரிடம் கேட்டேன். படிமேடையில் இடைவெளி விட்டால் கேட்பவர்களின் கண் அங்கேயே நிற்கும் என்று மறுத்துவிட்டார். முதல் வருட மாணவி ஒருத்தியை நிறுத்தியிருக்கிறார். நல்ல குரல், காந்தாரத்தை மட்டும் இன்னும் பியானோ இடத்திலேயே வைக்கிறாள். கடைசிக் கார்டில் எங்கே மூச்சு வாங்குகிறாய் என்று கேட்டேன். எட்டாவது எண்ணில் என்றாள். என் தாளில் பழைய குறியை அழித்துவிட்டுப் பன்னிரண்டில் போட்டுக்கொண்டேன். பாடும்போது கையை எங்கே வைத்துக்கொள்வாய் என்றும் கேட்டேன். அவளுக்குப் புரியவில்லை.

நீ வந்தால் அவள் ஓர் இடம் தள்ளி நின்றுகொள்வாள். கேட்டுவிட்டேன்.

— வலப்பக்கம் நின்றவள்