அக்காவுக்குப் பின்னல் போட்டுவிட்டவர்களுக்கு

அன்புள்ள வார்டன் அம்மாவுக்கும், நைட் டியூட்டி சிஸ்டர்களுக்கும், ஆயாம்மாவுக்கும், சோஷியல் ஒர்க்கர் தம்பிக்கும், சமையல்கட்டு அண்ணனுக்கும் வணக்கம்.

போன வெள்ளிக்கிழமை உங்கள் மனநல இல்லத்திலிருந்து அக்காவை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். கிளம்புகிற அவசரத்தில் உங்களிடம் சரியாக இரண்டு வார்த்தை பேச முடியவில்லை. கும்பிட்டுவிட்டு வண்டி ஏறிவிட்டேன். பெயர் போட வேண்டாம் என்று நீங்கள் கேட்டுக்கொண்டதால் யார் பெயரும் இதில் இல்லை. ஆனாலும் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுத வேண்டும் என்று தோன்றியது. எங்களைப் போலப் பயந்துகொண்டு நிற்கிற குடும்பங்கள் நிறைய இருக்கின்றன.

எங்களுக்கு ராமநாதபுரம் மாவட்டம். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்துபோனபோது நான் பள்ளிக்கூடப் பையன். அதன்பிறகு ‘காப்பகம்’ என்ற சொல் காதில் விழுந்தாலே அம்மா எழுந்து உள்ளே போய்விடுவார். அக்காவுக்கு மனச்சிதைவு என்று டாக்டர் சொன்ன பிறகும் எட்டு வருடம் வீட்டிலேயே வைத்துப் பார்த்தார். அம்மா தவறிய பிறகு, வேறு வழி தெரியாமல் ஓர் இடத்தில் சேர்த்தோம். நான்காவது மாதம் பார்க்கப் போனபோது எனக்கே அவளை அடையாளம் தெரியவில்லை. பேன் என்று சொல்லித் தலையை மழித்திருந்தார்கள். அங்கே எல்லோருக்கும் ஒரே நிற நைட்டி. அன்றைக்கே கூட்டிவந்துவிட்டேன். அப்புறம் ஒரு நாள் ராத்திரி அவள் தூங்காமல் கத்திக்கொண்டிருந்தபோது, என்ன செய்வதென்று தெரியாமல் 14416-க்குப் போன் போட்டேன். டெலி மனஸ் என்கிற அரசு மனநல உதவி எண். காசு கிடையாது, இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசுகிறார்கள். அவர்கள் சொல்லி மாவட்ட மருத்துவமனைக்குப் போனோம். அந்த டாக்டர் சொல்லித்தான் உங்களிடம் வந்தோம்.

வார்டன் அம்மா, முதல் நாள் நீங்கள் என்னிடம் பேசவே இல்லை. அக்காவிடம்தான் பேசினீர்கள். “உங்க துணிமணியெல்லாம் கொண்டுவந்திருக்கீங்களா? இங்கே உங்க புடவையே கட்டிக்கலாம்” என்றீர்கள். அவள் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “முடி வளர்ந்திரும். உங்களைக் கேட்காம யாரும் கத்தரி வைக்கமாட்டாங்க” என்றீர்கள். கட்டாயப்படுத்தி மொட்டை அடிக்கக் கூடாது, சீருடை போடச் சொல்லக் கூடாது, சங்கிலி போடவே கூடாது என்று 2017-ஆம் வருட மனநலப் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. தெரிந்திருந்தால் அந்த நான்கு மாதத்தில் ஒரு நாளாவது சண்டை போட்டிருப்பேன்.

மனச்சிதைவுக்குக் கொடுக்கிற குளோசபின் மாத்திரை ஆரம்பித்த நாட்களை மறக்க முடியாது. சிலருக்கு அது ரத்தத்தில் வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடுமாம். அதனால் முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தம் எடுக்க வேண்டும். ஊசியைக் கண்டாலே அக்கா ஓடுவாள். பதினெட்டு தடவையும் சிஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தக் கை என்று அவளையே சொல்லச் சொல்லி எடுத்தார்கள். தூக்கத்தில் எச்சில் வழிந்து தலையணை நனைந்துபோகும். கேட்காமலேயே தினமும் ஒரு துண்டு மடித்துப் போட்டிருக்கும். “வெளிக்குப் போச்சாம்மா?” என்று காலையில் கேட்டு நோட்டில் எழுதிவைப்பார்கள். இதையெல்லாமா எழுதுவார்கள் என்று நினைத்தேன். இந்த மாத்திரையில் மலச்சிக்கலைக் கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம் என்று சிஸ்டர் சொன்ன பிறகு, அந்த நோட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஒரு நாள் கூட விடுபடவில்லை.

தம்பி, உங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தன்னால் முடிவெடுக்க முடியாத நேரத்தில் தன் சார்பில் யார் பேச வேண்டும் என்று எழுதிக்கொடுக்கிற உரிமை அக்காவுக்கு உண்டு என்று சொல்லி, தாளை அவள் முன்னால் வைத்தீர்கள். என் பெயரைத்தான் எழுதுவாள் என்று நினைத்தேன். என் மனைவி பெயரை எழுதினாள். எனக்கு மனசு விட்டுப்போனது. அன்று சாயங்காலம் என்னைக் கேட் பக்கம் கூட்டிப்போய், “அண்ணே, பழைய இடத்துல சேர்த்தப்போ கையெழுத்துப் போட்டது நீங்க. அக்காவுக்கு அது ஞாபகம் இருக்கு. கோபம் இல்லை, பயம்” என்றீர்கள். என் தலைமேல் அடித்துச் சொன்ன மாதிரி இருந்தது. ஆனால் அன்றிலிருந்துதான் அவளிடம் கேட்டுவிட்டு எதையும் செய்யப் பழகினேன்.

ஆயாம்மா, உங்களுக்கு எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. மழைக்கால ராத்திரி ஒன்றில் அக்காவுக்கு மறுபடி குரல்கள் கேட்க ஆரம்பித்து, உங்கள் கையைக் கடித்துவிட்டாள். இரண்டு தையல். யாரும் அவளைக் கட்டவில்லை, அடிக்கவில்லை. மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு, சிஸ்டர் மட்டும் கைக்கெட்டாத தூரத்தில் தரையில் உட்கார்ந்து விடியவிடிய மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாராம். செய்தி கேட்டு, மன்னிப்புக் கேட்க மறுநாள் சாயங்காலம் ஓடிவந்தேன். வராந்தாவில் நீங்கள் கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருந்தீர்கள். உங்கள் முழங்காலுக்கு முன்னால் அக்கா. தோள்வரை வளர்ந்திருந்த முடியில் எண்ணெய் தடவிவிட்டு, “ஒத்தைப் பின்னலா, ரெட்டைப் பின்னலா?” என்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள். அவள் ரெட்டை என்றாள். ஒரு கையால் பின்ன முடியாமல், ஒரு புரியை அவளிடமே பிடிக்கக் கொடுத்தீர்கள். நான் தூணோடு நின்று பார்த்துவிட்டு, பேசாமல் திரும்பிவிட்டேன்.

சமையல் அண்ணனுக்கு: காய் நறுக்கியதற்கு மாதாமாதம் கொடுத்த கூலியை அக்கா சேர்த்துவைத்து, என் மகளுக்கு ஒரு பாவாடை வாங்கி வந்தாள். அளவு சரியாக இருந்தது.

இங்கே எல்லாம் நல்லபடியாகப் போகிறது. மாத்திரை வேளை தவறவில்லை. நோட்டு நாங்களும் போட்டிருக்கிறோம், மனைவி எழுதுகிறாள். அடுத்த ரத்தப் பரிசோதனைக்கு மாவட்ட மருத்துவமனையில் தேதி வாங்கிவிட்டேன். இதை எழுதும்போது அக்கா பக்கத்தில்தான் இருக்கிறாள். என்ன எழுதட்டும் என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, “ஆயாம்மா கையில தழும்பு இருக்கான்னு கேளு” என்றாள்.

பதில் போடுங்கள் ஆயாம்மா. அவள் காத்துக்கொண்டிருக்கிறாள்.

நன்றியுடன்,
அக்காவின் தம்பி