97 வயதில் எனக்கு ஒரு வேலை இருக்கிறது

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ அழுகையோடு சொன்னவற்றுக்கு அன்றே பதில் சொல்லியிருப்பேன். காது மெஷினைக் கழற்றி வைத்திருந்ததால் பாதிதான் கேட்டது, மீதியை உன் அம்மா தன் பங்குக்கு இரண்டு சேர்த்துச் சொன்னாள். குளியலறையில் வழுக்கி விழுந்தபின் நான் வெளியே போகக் கூடாது, துணைக்கு ஓர் ஆளை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்கிறாய். அஞ்சல் துறையில் 38 ஆண்டுகள் இருந்தவன் ஆகையால், எழுத்து மூலமாகவே விளக்கம் தருகிறேன்.

உன் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஈரத் தரையில் கிடந்த அந்தச் சில நிமிடங்களில், எழுந்துவிடுவோமா என்று எனக்கே சந்தேகம் வந்தது. எலும்பு முறியாமல் போனது என் சாமர்த்தியத்தால் அல்ல. ஆகவே நீ சொன்னபடி சுவரில் கைப்பிடி பொருத்தியாயிற்று, இரவு விளக்கு எரிகிறது, மொபெட்டையும் விற்றுவிட்டேன். வாங்கியவன் அதை ஓட்டிக்கொண்டு தெருமுனை திரும்பும்வரை வாசலிலேயே நின்றேன் என்பதை உன்னிடம் மறைக்கவில்லை. ஆனால் உட்காரச் சொல்வதை மட்டும் என்னால் ஏற்க முடியாது.

என்னைப் பரிசோதித்த இயன்முறை மருத்துவர், உன் வயதுப் பெண்தான், ஒன்றைத் தெளிவாகச் சொன்னார். இந்த வயதில் பத்து நாள் படுக்கையில் கிடந்தாலே தொடைத் தசை குறைந்துவிடுமாம்; போனதைத் திரும்பப் பெற அதைவிடப் பல மடங்கு நாளாகுமாம்; அப்படி வலுவிழந்த கால்தான் அடுத்த முறையும் விழ வைக்குமாம். அதனால் காலையில் ஃபில்டரில் டிகாஷன் இறங்கும் நேரத்தில், ஜன்னல் கம்பியை ஒரு விரலால் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கிறேன். முதல் நாள் மூன்று விநாடிகூட நிற்கவில்லை. இன்று இடக் காலில் 11 விநாடி, வலக் காலில் 7. 'கொக்குக்கு மீன் கிடைத்ததா?' என்று உன் அம்மா அடுப்படியிலிருந்து கேட்கிறாள். பிறகு கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்கார்கிறேன். நாற்காலிக்கு நான் தரும் மரியாதை அவ்வளவுதான்.

மாலையில் வண்டியூர்த் தெப்பக்குளத்தை ஒரு சுற்று வருகிறேன். ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம் இருக்கும். நீ பள்ளிக்குப் போன காலத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடிய அந்தக் கட்டாந்தரையில் இப்போது வைகைத் தண்ணீர் நிற்கிறது, நீ பார்த்தால் நம்ப மாட்டாய். எங்கள் கோஷ்டியில் ஏழு பேர் இருந்தோம், இப்போது நான்கு பேர். அதைப் பற்றி நாங்கள் அதிகம் பேசுவதில்லை.

காது விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், அம்மா எப்படியும் சொல்லத்தான் போகிறாள். முதுமையில் உச்சஸ்தாயி ஒலிகள், அதாவது கீச்சென்ற ஒலிகள், முதலில் போகின்றன. அதனால் பேச்சுச் சத்தம் காதில் விழும், சொல் மட்டும் பிடிபடாது. போன மாதம் அவள் வாங்கி வரச் சொன்னது பருப்பு. நான் வாங்கி வந்தது செருப்பு. அளவு சரியாக இருந்ததால் அவள் அதைத் திருப்பித் தரவில்லை. அன்று சாம்பார் இல்லை.

நவம்பரில் ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ் சான்று தர வேண்டியிருந்தது. வீட்டுக்கே வந்த தபால்காரத் தம்பியின் கருவியில் ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்தேன். வாழ்நாளெல்லாம் முத்திரை குத்திய கை, நான் உயிரோடு இருக்கிறேன் என்று சாட்சி சொல்ல மறுத்துவிட்டது. கடைசியில் அவர் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே பிடித்து, 'கண்ணைச் சிமிட்டுங்கள் ஐயா' என்றார். சிமிட்டினேன், இன்னும் ஓராண்டுக்கு நான் உயிரோடு இருப்பதில் அரசுக்கு ஐயமில்லை. அந்த அரசே மத்திய ஓய்வூதியருக்கு 80 வயதில் 20 விழுக்காடு கூடுதலாகத் தருகிறது. 85இல் 30, 90இல் 40, 95இல் 50, நூறு வயதில் அடிப்படை ஓய்வூதியம் இரட்டிப்பு. எனக்கு இப்போது 76. முதல் உயர்வுக்கு நான்கே ஆண்டுகள் இருக்கும்போது நாற்காலியில் உட்கார்ந்து தசையை இழப்பது, வரவு செலவு தெரிந்தவன் செய்யும் காரியமா?

'ஓய்வு பெற்றவர் ஓய்வெடுக்க வேண்டாமா' என்றும் கேட்டிருக்கிறாய். நம் மதுரையில் டாக்டர் வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, 1976இல், தம் 58ஆம் வயதில்தான், 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இளம் வயதிலேயே முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களாலேயே அறுவைக் கத்தியைப் பிடிக்கப் பழகிக்கொண்டவர். நான் அவர் கால் தூசுக்கும் ஈடாக மாட்டேன் என்றாலும், படிவம் நிரப்பத் தெரியும். அதனால் செவ்வாய்க்கிழமைதோறும் அஞ்சலகத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, எழுத வராதவர்களுக்கு எழுதித் தருகிறேன். (இதுவும் உட்காருவதுதான் என்று நீ வாதாடுவாய். சித்தாளாக வேலை பார்க்கும் பெண்கள் கைக்குழந்தையோடு வரிசையில் நிற்கும்போது நானும் பாதி நேரம் நின்றுகொண்டுதான் இருக்கிறேன்.)

சென்ற வாரம் அவர்களில் ஒருத்தி, ஒன்றரை வயது மகள் பெயரில் செல்வமகள் கணக்குத் தொடங்க வந்தாள். தொடக்கத் தொகையான 250 ரூபாயை முந்தானை முடிச்சிலிருந்து எண்ணிக் கொடுத்தாள். கணக்கு முதிர்வது 21 ஆண்டுகள் கழித்து என்று சொன்னதும், 'அன்றைக்கும் நீங்களே எழுதிக் கொடுங்க சார், மற்றவர்கள் எழுத்து எனக்குப் புரியாது' என்றாள். படிக்கத் தெரியாதவள் சொன்னது அது. மனக்கணக்குப் போட்டேன்: அப்போது எனக்கு 97, கூடுதல் ஓய்வூதியம் 50 விழுக்காடு. வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்குமேல் அழை. அதற்குள் தெப்பக்குளத்திலிருந்து திரும்பிவிடுவேன், காது மெஷினும் மாட்டியிருப்பேன். பேத்திக்கு முத்தம்.

அன்புடன்,
அப்பா