ஒன்பதோடு நிறுத்திவிடாதே

பிரியமான மகளுக்கு,

"நான் தெரிந்துகொள்ளப்பட்டவள் இல்லையென்றால் இத்தனை ஜெபமும் எதற்கு அப்பா?" என்று நீ கேட்டு நாலு நாளாகிறது. இரட்சிப்புக்கென்று தேவன் முன்னமே தேர்ந்தெடுத்தவர்களில் நீ இல்லையோ என்பதுதானே உன் பயம்? போனில் பதில் சொன்னால் பிரசங்கம் பண்ணிவிடுவேன், உனக்கே தெரியும். அதனால் எழுதுகிறேன்.

எபேசியர் 1:4ஐ எடு. உலகத்தோற்றத்துக்கு முன்னே தேவன் கிறிஸ்துவுக்குள் நம்மைத் தெரிந்துகொண்டார் என்கிற வசனம். என் பழைய வேதாகமத்தில் அங்கே இரண்டு சொற்களுக்கு அடியில் பென்சில் கோடு உண்டு: 'கிறிஸ்துவுக்குள்', 'நம்மை'. முதலில் தெரிந்துகொள்ளப்பட்டவர் கிறிஸ்து. அவருக்குள் இருப்பதால் சபை. விசுவாசித்து உள்ளே வருவதால் நீயும் நானும். தனித்தனி ஆளாக அல்ல, கிறிஸ்துவுக்குள் ஒரு கூட்டமாகத் தேவன் தெரிந்துகொண்டார் என்று நான் வாசிக்கிறேன். 'நம்மை' என்பது கேட்பவரையும் சேர்த்துக்கொள்கிற சொல். கிரேக்கத்தில் 'எங்களை', 'நம்மை' இரண்டுக்கும் ஒரே சொல்தான், ஆகவே இதை ஆதாரமாக வைத்து வாதாட முடியாது. இருந்தாலும் அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷம்.

உன்னைப் பயமுறுத்தியது ரோமர் 9 என்று நினைக்கிறேன். யாக்கோபைச் சிநேகித்தேன், ஏசாவை வெறுத்தேன் என்பது மல்கியாவிலிருந்து பவுல் எடுத்தது. அங்கே பேச்சு ஏசாவின் வம்சமான ஏதோம் தேசத்தைப் பற்றி. அவர்கள் தாய் ரெபெக்காளிடமும் உன் கர்ப்பத்தில் இரண்டு ஜாதிகள் இருக்கிறது என்றுதானே சொல்லப்பட்டது? பிறப்பு மட்டும் முடிவு செய்வதும் இல்லை: அந்நிய ஜாதியான மோவாபியளான ரூத் இஸ்ரவேல் ஜனத்துக்குள் வந்தாள். இஸ்ரவேலிலேயே யூதா கோத்திரத்தில் பிறந்த ஆகான் அழிந்துபோனான்.

ஆட்களே இல்லாமல் ஒரு கூட்டத்தை எப்படித் தெரிந்துகொள்வது என்று எதிர்த்தரப்பார் கேட்பார்கள்; தேவன் தனித்தனி ஆட்களைத் தம் சித்தப்படியே தெரிந்துகொண்டார் என்கிற கால்வின் வழியினர். நல்ல கேள்வி. அப்போஸ்தலர் 13:48ஐயும் காட்டுவார்கள்: நித்திய ஜீவனுக்கு நியமிக்கப்பட்டவர்கள் விசுவாசித்தார்கள் என்று. அந்த வசனத்தை இன்றுவரை என்னால் லேசாகத் தாண்ட முடியவில்லை. கால்வின் வழியினரை மறுத்த போதகர் ஆர்மினியஸ்கூட தனி ஆளைப் பற்றித்தான் பேசினார். யார் விசுவாசிப்பார் என்று தேவன் முன்னறிந்து தெரிந்துகொண்டார் என்பது அவர் வாதம். கூட்டமாகத் தெரிந்துகொண்டார் என்கிற என் வாசிப்பு, கால்வின் வழி, ஆர்மினியஸ் வாதம் இரண்டிலும் சேராத வேறொன்று.

இன்னொன்று. ஆர்மினியஸ் வழியினரைக் கண்டித்த டார்ட் சங்கம், கால்வின் வழி சபைத் தலைவர்கள் 1618-19இல் நெதர்லாந்தில் கூடியது, அதன் தீர்மானங்களில் முதல் பகுதி 16ஆம் பிரிவு யாருக்கு எழுதப்பட்டது தெரியுமா? உன்னைப் போன்றவர்களுக்கு. விசுவாசம் தனக்குள் பலமாக இருப்பதாக உணராமல், ஆனாலும் ஜெபத்தையும் வசனத்தையும் விடாமல் இருக்கிறவர்கள், 'தேவனால் தள்ளப்பட்டவர்கள்' என்ற பேச்சைக் கேட்டு மிரள வேண்டாம், தங்களை அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளவும் வேண்டாம் என்கிறது. சரி, கால்வின் வழியினரே இப்படிச் சொல்லும்போது உனக்கு ஏன் ராத்தூக்கம் கெடணும்?

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. அதற்குள் ரோமர் 11ஐயும் வாசித்துவிடு; முறிக்கப்பட்ட கிளையைத் திரும்ப அதே ஒலிவமரத்தில் ஒட்டவைப்பதைப் பவுல் அங்கேதான் சொல்கிறார். நீ ஒன்பதோடு மூடி வைத்திருப்பாய்.

அப்பா