வியந்தன்றும் இழிந்தன்றும் இலனே

அன்புள்ள கண்ணப்பா,

கண் அறுவை நல்லபடியாக முடிந்ததாக உன் மகள் சொன்னாள். சந்தோஷம். இங்கே முட்டிவலிதான் விடமாட்டேன் என்கிறது. ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர்த் தேக்கா கடைவீதிப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன், அந்தக் கூட்டத்தில் நிற்க முடியவில்லை.

ஏப்ரல் தமிழ்மொழி விழாவில் பேசப் பேத்திக்குப் புறநானூறு சொல்லிக்கொடுக்கிறேன். 72ஆம் பாட்டு, தலையாலங்கானத்துப் போரில் வென்ற இளம் பாண்டியன் நெடுஞ்செழியனின் வஞ்சினம். ‘இளையன் இவன்’ என்று எதிரி வேந்தர்கள் இளக்காரமாகச் சொன்னது பையனுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. அதைச் ‘சிறுசொல்’ என்கிறான். அவர்களைச் சிறைப்பிடிக்காவிட்டால் மாங்குடி மருதன் தலைமையிலான புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் போகட்டும் என்கிறான். ஆனால் பாட்டைத் தொடங்குவதே ‘நகுதக்கனரே’, சிரிக்கத் தக்கவர்கள், என்றுதான். இவனும் பதிலுக்கு எள்ளத்தான் செய்கிறான்!

அப்புறம் 77ஐப் புரட்டினால் இடைக்குன்றூர் கிழார் என்ற புலவர் அதே பையனைப் பற்றி வேறு கதை சொல்கிறார். பையன் குழந்தைகளுக்குக் காப்பாகக் கட்டும் ஐம்படைத்தாலியை இன்னும் கழற்றவில்லை, பாலை விட்டு இன்றுதான் சோறு உண்டான். ஆனாலும் மேலே பாய்ந்து வந்தவர்களை ‘வியந்தன்றும் இழிந்தன்றும் இலனே’, வியக்கவும் இல்லை, இகழவும் இல்லை. கொன்று வீழ்த்திய பிறகு ‘மகிழ்ந்தன்றும் மலிந்தன்றும் அதனினும் இலனே’, மகிழ்ந்து பெருமிதப்படவும் இல்லை. (பையனுக்கு எதற்குத் தாத்தா தாலி என்று பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். சங்கு, சக்கரம், வாள், வில், தண்டு என்று வரைந்து காட்டிய பிறகுதான் அடங்கினாள்.)

பரிசிலுக்குப் பாடியவர் அப்படித்தான் சொல்வார் என்பாய். இருக்கலாம். ஆனால் திட்டியிருந்தால்கூட எதிர்த்து வந்த சேரன், சோழன், வேளிர் ஐவர் என்ற அந்த ஏழு பேருக்கும் தாங்கியிருக்கும். பொருட்டாகவே எண்ணாமல் வெட்டிச் சாய்த்தானே, அதைவிடப் பெரிய அவமதிப்பு உண்டா? கணியன் பூங்குன்றனாரும் இதே இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறார்: ‘பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே’. அவரிடம் அது கனிவு. பாண்டியனிடம் எனக்குக் குளிர்தான் தெரிகிறது. மேடைக்கு மேடை ‘யாதும் ஊரே’ முழங்குகிறவர்கள் அந்தக் கடைசி அடிவரை எங்கே வருகிறார்கள், சொல்.

பேத்திக்கு 72தான் வேண்டுமாம். உரக்கச் சொல்ல அதுதான் தோதாக இருக்கிறதாம். சரி என்றுவிட்டேன்.

ஜொகூரிலிருந்து அடுத்த முறை பாலம் தாண்டி வரும்போது ஔவை துரைசாமிப் பிள்ளையின் புறநானூற்று உரையின் முதல் பகுதியை எடுத்து வா. என்னுடையது கரையான் தின்றது போக மிச்சம்தான் இருக்கிறது.

அன்புடன்,
சுப்பையா