முதல் மணியைப் பத்து மணிக்கு அடியுங்கள், ஐயா

மதிப்பிற்குரிய முதல்வர் ஐயா அவர்களுக்கும் துறைத்தலைவர்களுக்கும்,

வணக்கம். பனிக்காலத்தில் முதல் வகுப்பைப் பத்து மணிக்கு வைக்கச் சொல்லி, போன மாதம் நாங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மனு உங்கள் மேசையில்தான் கிடக்கிறது. அதனால் கதையை ஆதியிலிருந்து சொல்லப் போவதில்லை. செவ்வாய்க்கிழமை கல்லூரி வாசலில் நடந்ததும் உங்கள் காதுக்கு வந்திருக்கும். அதற்கு முன்னும் பின்னும் நடந்ததைச் சொல்லவே இந்த மடல்.

நான் ஊட்டிப் பக்கம் தலைகுந்தாவை அடுத்த ஒரு ஹட்டியிலிருந்து, அதாவது படுகர் கிராமத்திலிருந்து, வருகிறவள். நவம்பரில் நீர்ப்பனி விழுந்தபோது யாரும் முனகவில்லை. அது நனைக்கும், அவ்வளவுதான். வானம் தெளிந்து காற்று நின்றதும் உறைபனி இறங்கிவிட்டது. செவ்வாய் காலை புல்தரை முழுக்க உப்பைக் கொட்டிப் பரப்பியதுபோல் இருந்தது. அப்பாவின் பைக் சீட்டைப் பழைய பஸ் பாஸால் சுரண்டினால் சீவல் சீவலாக வருகிறது. பஸ்ஸின் முன்கண்ணாடியும் அதே கதி. டிரைவர் அண்ணன் டீக்கடையில் வெதுவெதுப்பான தண்ணீர் வாங்கி ஊற்றித் துடைத்து, வண்டியை உறுமவிட்டுக் கிளப்ப இருபது நிமிடம். வழியில் காட்டெருமை இரண்டு சாவகாசமாக ரோட்டைக் கடந்தன. அதற்கும் ஒரு ஐந்து நிமிடம்.

8:40க்கு வந்து சேர்ந்தோம். 8:30க்கே கேட் பூட்டியாயிற்று. பதினோரு பேர் இருபத்தைந்து நிமிடம் வெளியே நின்றோம். காதை மூடியிருந்த மங்கி கேப்பைக் கழற்றச் சொன்னார்கள், சீருடையில் அது சேராதாம். சொன்னவர் தலையிலும் மங்கி கேப்தான் இருந்தது.

பிறகு ஆய்வகம். கரைசலை அளந்தெடுக்கும் கண்ணாடிக் குழாயான பிப்பெட்டின் மேல்முனையை ஆள்காட்டி விரலால் அடைத்து, மெல்லத் தளர்த்தினால் கரைசல் கோட்டில் வந்து நிற்க வேண்டும். கண்ணாடியைத் தொடுகிறேனா இல்லையா என்பதே விரலுக்குத் தெரியவில்லை. மூன்று முறையும் கோட்டைத் தாண்டி இறங்கியது. நாலாவது முறை பிப்பெட்டே நழுவிவிட்டது. உடைந்த சத்தம் கேட்ட பிறகுதான் கையில் அது இல்லை என்று தெரிந்தது. 180 ரூபாய் அபராதம். கட்டிவிட்டேன், ரசீது இருக்கிறது. பத்தரை மணிக்கு ஜன்னலில் வெயில் ஏறி கை சூடானதும் விரல்கள் சிவந்து வீங்கி ஒரே அரிப்பு. எங்கள் மேசையில் நாலு பேருக்கும் அப்படித்தான். அந்தக் கையோடு அன்றைய ரெக்கார்டை எழுதியிருக்கிறேன். கையெழுத்து கோணலாக இருக்கிறதென்று அதில் சிவப்பு மையில் ஒரு குறிப்பும் வந்திருக்கிறது.

ஐயா, முதல் வகுப்பை டிசம்பர், ஜனவரி இரண்டு மாதமும் பத்து மணிக்கு வையுங்கள். எங்கள் மனுவில் இருந்ததும் இது ஒன்றுதான்.

“பேப்பரில் 4 டிகிரி என்றுதானே போட்டிருக்கிறது, அதில் பனி எப்படி உறையும்?” என்று ஒரு பேராசிரியர் கேட்டார். இதற்குப் பதில் நம் வகுப்பிலேயே சொல்லித் தருகிறார்கள். வெப்பமானி தரையிலிருந்து நாலடி உயரத்தில் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடுவதால், புல் மட்டத்தில் அதைவிடச் சில டிகிரி குறைவு. குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தில் போய்த் தேங்கும். தலைகுந்தாவும் காந்தலும் பள்ளம். உங்கள் குடியிருப்பு மேட்டில். குளிர் உச்சத்துக்குப் போவதும் சூரியன் எழும் நேரத்தில்தான். இப்போது அது ஆறரைக்கு மேல், சரியாக நாங்கள் பஸ்ஸுக்கு நிற்கும் நேரம். ஒன்பது, ஒன்பதரைக்குள் எல்லாம் உருகிவிடுகிறது.

தாவரவியல் பூங்காவில் மலர்ச் செடிகளுக்கு மிலார் என்ற செடியின் தழையைப் போர்த்தி வைக்கிறார்கள். புல்வெளிக்கு விடியலில் தண்ணீர் தெளிக்கிறார்கள். செடியாகப் பிறந்திருந்தால் எங்களுக்கும் அந்த யோகம் கிடைத்திருக்கும். சமவெளியிலிருந்து வருகிறவர்கள் வெள்ளைப் புல்லில் நின்று படம் எடுத்துக்கொண்டு ஓட்டலுக்குப் போய்ப் போர்த்திக்கொள்கிறார்கள். பேப்பர்காரர்கள் “மினி காஷ்மீர்” என்று தலைப்புப் போடுகிறார்கள். காஷ்மீரில் குளிர்காலத்துக்கென்றே நீண்ட விடுமுறை விடுவார்கள் என்பதை மட்டும் யாரும் எழுதுவதில்லை. எங்களுக்கோ 75 விழுக்காடு வருகை, தாமதத்துக்கு அரை நாள் ஆப்சென்ட்.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னியுங்கள். நாங்கள் விடுமுறை கேட்கவில்லை. குறைகிற பாடவேளைக்குச் சனிக்கிழமை வருகிறோம். மாலையில் நீட்ட வேண்டாம், கடைசி பஸ் போய்விடும். பத்து மணி, அது போதும். மங்கி கேப்பையும் சீருடையில் சேர்த்துவிட்டால் சந்தோஷம்.

நான் மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றினால், ஒருநாள் காலை ஆறரைக்கு எங்கள் நிறுத்தத்துக்கு வாருங்கள், ஐயா. டீ நான் வாங்கித் தருகிறேன்.

பணிவுடன்,
இரண்டாம் ஆண்டு வேதியியல் மாணவி